முதலிடம் பிடித்த மூச்சுத் தண்ணீர்

காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் அன்று எள் போட்டால் எள் விழாது. மருந்து இலவசம் என்று அறிவித்தபோதுகூட இப்படியொரு கூட்டம் வந்ததில்லை. ஊது மகான் வருகிறார் என்றதும் வந்துவிட்டது.

மகானின் வித்தை சுருக்கமானது. செம்புக் குடத்திலிருந்து தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றுவார். நோயாளி குழல் வைத்து அதில் ஊத வேண்டும். அரை நிமிஷத்தில் தண்ணீர் பால்போல வெளுக்கும். "பார், உன் நோய் இறங்குது!" ஐந்தாம் வாரம் வெள்ளிக் கூஜாவிலிருந்து ஊற்றுவார். கன்னம் வலிக்க ஊதினாலும் வெளுக்காது. "குணம்! மாத்திரையைத் தூக்கிப் போடு!" தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்குகிற ஜனம், குடம் ஏன் கூஜாவானது என்று மட்டும் கேட்கவில்லை.

ஜனத்தை விடுங்கள். கூடத்துக்குள் எட்டு நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் இனி எதை ஆராய்வது என்று முன்னுரிமைப் பட்டியல் போடும் நாள் அது. அவர்கள் வழக்கப்படி, போன வருஷம் எதைப் பற்றி அதிகக் கட்டுரை வந்ததோ அதற்கே முதலிடம். எந்தக் கடையில் கூட்டமோ அங்கேதான் சரக்கு நல்லது என்கிற ஞானம்! மகானின் இந்த மூச்சுத் தண்ணீர் பற்றிப் பதினொரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒன்பது, மற்ற இரண்டைப் பார்த்து எழுதியவை. ஆகவே முதலிடம் அதற்குத்தான்; கூடத்திலேயே செய்து காட்ட மகானை அழைத்திருந்தார்கள். 'நோயாளிகள் ஏன் பாதியில் மாத்திரையை நிறுத்துகிறார்கள்' என்பது கடைசி இடம். யாரும் எழுதாததால் அது முக்கியமில்லை. முக்கியமில்லாததால் யாரும் எழுதவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றுகிறவளை எல்லாரும் சளி அக்கா என்பார்கள். அவள் கதவோரம் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்து வண்டி ஓட்டும் அவள் புருஷனுக்கே அன்று ஐந்தாம் தம்ளர். மகான் சொல்லுமுன்பே மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏங்க, ராத்திரி சட்டை தொப்பலா நனையுது. இதுவா குணம்?"

"விஷம் வேர்வையா வெளியேறுதாம். மகான் சொன்னாரு."

"மகான் சொன்னா எருமை பறக்குமா?"

"பறக்கறப்போ பார்த்துக்கலாம். இன்னிக்குத் தெளிஞ்சு வந்தா, அந்த மாத்திரையை இனி தொடமாட்டேன்."

மகான் கூஜாவைச் சாய்த்தார். வண்டிக்காரர் ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கூட்டம் கைதட்டியது. இயக்குநர் எழுந்து நின்று தட்டினார்.

"ஒரு நிமிஷம்." சளி அக்கா நடுக்கூடத்துக்கு வந்து செம்புக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "இந்தத் தண்ணியில அவரை ஊதச் சொல்லுங்க."

மகான் பதறினார். "கூடாதும்மா! குணமானவன் இதுல ஊதினா நோய் திரும்பிடும்!"

"சரிங்கய்யா, அவரு வேண்டாம். நீங்க ஊதுங்க."

"எனக்குத்தான் நோயே இல்லையே!"

"அதனாலதான் கேக்கறேன். நோயில்லாத மூச்சுல இது வெளுக்கக் கூடாதில்ல?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஊதுங்க மகானே, உங்க பேரே அதுதானே!"

வேறு வழியில்லை. மகான் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை மட்டும் உப்பினார்.

"குமிழியே வரலியே!" என்றது முன்வரிசை.

ஊதினார். தண்ணீர் வெளுத்தது.

"ஐயோ, மகானுக்கே காசநோய்!" என்று ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து இயக்குநர் ஊதினார். வெளுத்தது. எட்டு நிபுணர்களும் ஆளுக்கொரு குழலோடு ஊதினார்கள். எட்டும் பால்.

"பயப்படாதீங்க," என்றாள் சளி அக்கா. "இது சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வச்ச தண்ணி. யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும். பள்ளிக்கூடத்துல நாம எல்லாருமே பண்ணினதுதான். கூஜாவுல இருக்கறது வெறும் தண்ணி."

எட்டுப் பட்டதாரிகளும் தரையைப் பார்த்தார்கள். மகான் பின்கதவைப் பார்த்தார். அங்கே காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமியாரும் மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

வண்டிக்காரர் தலை நிமிரவில்லை. "மாத்திரை தின்னா வயித்தைப் புரட்டும். யார்கிட்ட சொல்றது? இங்க எல்லாரும் என் சளியைத்தான் பார்த்தீங்க. அந்தாளு ஒருத்தன்தான் 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டான். அதுல விழுந்துட்டேன்."

சளி அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள்கூடத் திட்டினாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. ஒரு சளி டப்பாவை அவர் கையில் வைத்தாள். "முதல்ல இதுல துப்புங்க. இன்னிக்கே டாக்டரைப் பார்ப்போம். வயித்துப் புரட்டலை நான் சொல்றேன்."

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "பட்டியல்ல முதலிடம் காலியாயிடுச்சே. இப்போதைக்கு எந்த விஷயத்துக்கு மவுசு?"

"மவுசு இல்லாத விஷயம் வாசல்ல நிக்குது சார். பாதியில நிறுத்தினவங்க முந்நூறு பேர். போய், ஏன்னு கேளுங்க."

எட்டுப் பேரும் குறிப்பேட்டோடு வெளியே போனார்கள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக!

மகானிடம் இருந்தது ஒரு பிடி சுண்ணாம்பும் ஒரு அன்பான விசாரிப்பும். படித்தவர்கள் அந்த விசாரிப்பைக் கற்றுக்கொள்ளட்டும். மற்றவர்களே, நெஞ்சைத் திறந்து காட்டுமுன் கொஞ்சம் மூளையைத் திறந்து பாருங்கள். உங்கள் தலைக்குள் இருப்பதும் வெறும் தண்ணீர்தான் என்று நினைத்துத்தான் எவனாவது குடத்தோடு வருகிறான்.