கவலை இறங்கும் கண்ணாடி டம்ளர்

விழுப்புரத்தில் கவலைக்கே பஞ்சம் வந்துவிடும் போலிருந்தது. திண்டிவனத்திலிருந்து சுவாசானந்த யோகி வந்து இறங்கிய நாள் முதல், மனிதர் அவ்வளவு கவலையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். காணையிலிருந்து ஷேர் ஆட்டோ, திருவாமாத்தூரிலிருந்து வேன். கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை.

முறை சுலபம். பத்மாசனம் போட வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, யோகியின் தீர்த்தம் நிரம்பிய டம்ளருக்குள் ஸ்ட்ரா வழியாக ஊத வேண்டும். தெளிந்த தீர்த்தம் பால் போல வெளுக்கும். அந்த வெள்ளைதான் டென்ஷனாம். கவலை என்ன நிறம் என்று தெரியாமல் தவித்த மனித குலத்துக்கு ஒரு வழியாக விடிவு பிறந்தது.

முன்வரிசையில் ராஜாமணி. முப்பது வருடம் அறிவியல் வாத்தியார். ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கமில்லை, படபடப்பு, கூடவே ரத்த அழுத்தம். மூன்று வாரமாக ஊதுகிறார். “டென்ஷனே வெளிய வந்துடுச்சு, மாத்திரை எதுக்கு?” என்று யோகி கேட்டதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்றோடு ஒன்பது நாள். காலையில் குளியலறையில் தலைசுற்றிச் சாய்ந்தவரை மனைவி பிரபாவதிதான் தாங்கிப் பிடித்தாள். “கெட்டது வெளியேறுது, அதான்” என்று அவளுக்கே விளக்கம் சொன்னார். படித்தவர் அல்லவா?

அவளும் இன்று கூடவே வந்திருந்தாள். பையில் மாத்திரை அட்டை, ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீர்.

“சாமி, உங்களுக்கு டென்ஷன் இருக்குதுங்களா?” என்று எழுந்து கேட்டாள்.

“நான் அதையெல்லாம் தாண்டி வந்துட்டேம்மா.”

“அப்ப நீங்க ஊதினா தீர்த்தம் தெளிவாவே இருக்கணும். ஊதிக் காட்டுங்க.”

யோகி சிரித்துச் சமாளித்தார். கூட்டம் விடவில்லை. “ஊதுங்க சாமி” என்று பக்தியோடு நெருக்கியது. ஊதினார். தீர்த்தம் வெளுத்தது.

“உங்க எல்லார் கவலையையும் நான்தான வாங்கிக்கினு இருக்கேன்” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. வாத்தியாரும்தான்.

பிரபாவதி பாட்டில் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கணவரிடம் நீட்டினாள். “இதுல ஊதுங்க.”

ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“காலையில விழப் பாத்தீங்க. உங்ககிட்ட இல்லாத டென்ஷனா? இது ஏன் வெளுக்கல? ஸ்கூல்ல பசங்கள ஊதச் சொல்வீங்களே, அது என்னா தண்ணி?”

வாத்தியார் தலை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்து டம்ளரில் அறிவியலாக இருந்தது, மண்டபத்து டம்ளரில் அருளாகிவிட்டிருந்தது.

“சுண்ணாம்புத் தண்ணி” என்றார் கூசிப்போய். “யாரு ஊதினாலும் வெளுக்கும். மூச்சுல இருக்கிற கரியமில வாயு. ரெண்டு மார்க் கேள்வி.”

நாலு பேர் சமையல்கட்டுக்கு ஓடினார்கள். வாளி நிறையச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. யோகி பின்வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“மூச்சுப் பயிற்சிய டாக்டரம்மா வேணாம்னா சொன்னாங்க? மாத்திரையோட சேத்துச் செய்யச் சொன்னாங்க” என்று பிரபாவதி அட்டையைப் பிரித்தாள். ஒன்பது நாளாகப் பயத்தை அடக்கியவள், மாத்திரையை அவர் வாயருகே நீட்டினாள். வாத்தியார் அதே குழாய்த் தண்ணீரோடு விழுங்கினார்.

மூச்சை அடக்கச் சொன்னால், டாக்டரைக் கேட்டுவிட்டு அடக்குங்கள். மூளையையும் சேர்த்து அடக்கச் சொன்னால், சொன்ன ஆளை முதலில் ஊதச் சொல்லுங்கள்.