வாயில் காகிதம் கவ்விய நிபுணர்

போலி கண்டுபிடிப்பவர் என்றொரு உயிரினம் எங்கள் ரிவரினா சீமையில் ஏராளமாக வாழ்கிறது. செம்மறி ஆடு அதிகமுள்ள ஊர்களில் இதுவும் அதிகம், காரணம் தெரியவில்லை. மழை பொய்த்த வருடங்களிலும் செழித்து வளரும். தபால்தலைக்காரர், நாணயக்காரர், பழைய பீங்கான்காரர் என்று இதில் உட்பிரிவுகள் பல இருந்தாலும், இனத்தின் சிகரம் என்று நான் கருதுவது ஜப்பானிய ராணுவ வாள்களின் உண்மையைச் சோதிப்பவரைத்தான்.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வாள் கொட்டகையில் கிடக்கும். ஜப்பானோடு நடந்த யுத்தம் முடிந்தபோது தீவுகளில் சரணடைந்த அதிகாரிகளிடம் எங்கள் ஊர்ச் சிப்பாய்கள் வாங்கி, துணி மூட்டைக்குள் செருகி, கப்பலில் கொண்டுவந்தவை. கொண்டுவந்தவர்களே சொன்னார்கள், படமும் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றுகூட உண்மையானதில்லை. மெர்வின் டாக்கெட் சொல்லிவிட்டார்.

மெர்வ் இருபத்தாறு வருடம் நீர் இறைக்கும் பம்பு விற்று ஓய்வு பெற்றவர். ஜப்பான் போனதில்லை. வடக்கே அவர் போன தூரம் அரை நாள் பயணத்திலுள்ள டபோ வரைக்கும்தான்; அங்கேயும் மிருகக்காட்சிசாலைக் காண்டாமிருகத்தின் கொம்பைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, குராபின் ஊர்க் காட்சித் திடலின் தகரக் கூடத்தில், ஆட்டு ஏலம் இல்லாத ஒரு சனிக்கிழமையில் போர்க்காலப் பொருள் சந்தை கூடும்போது, மூலை மேசையில் பச்சைக் கம்பளி விரித்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேசை என்னுடையது. பதக்கம், சட்டைப் பொத்தான், நசுங்கிய தண்ணீர்க் குப்பி விற்கிறேன். ஆகவே பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் வாளைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அவர் உடனே தொடுவாரா? மாட்டார். வெள்ளைக் கையுறை மாட்டுவார், வாளுக்கு ஒரு வணக்கம் போடுவார் (உங்களுக்கு இல்லை), பிறகு ஒரு தாளை மடித்துப் பல்லிடையில் கவ்விக்கொள்வார். எஃகின் மேல் மூச்சோ எச்சிலோ படக்கூடாதென்று ஜப்பானில் வாள் பார்ப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு. அங்கே என்ன தாளோ, மெர்வ் கவ்வுவது கூடத்து வாசலில் ரொட்டியில் சுட்ட சாஸேஜ் இறைச்சி வைத்துச் சுற்றிக்கொடுக்கும் காகிதக் கைக்குட்டையை. ஓரத்தில் கொஞ்சம் தக்காளிச் சாஸ் இருக்கும். பித்தளைச் சுத்தியலால் பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை உருவி, உள்ளே மறைந்திருக்கும் அடியிரும்பின் துருவைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, முகர்ந்து, கண்ணை மூடி, திறந்து, மறுபடி முகர்ந்து, நீங்கள் உங்கள் தாத்தாவையே சந்தேகிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து வாயிலிருந்து தாளை எடுப்பார்.

“இது பேசல.”

அவ்வளவுதான். போலி.

காரணம் கேட்டால் கிடைக்கும். காரணத்துக்கு அவரிடம் பஞ்சமில்லை. துரு அதிகமிருந்தால் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தது. துருவே இல்லாவிட்டால் போன வாரம் செய்தது. அளவாக இருந்தால்? அதுதான் மிகவும் மோசம். இயற்கை எங்கே அளவு பார்த்துத் துருப்பிடிக்கிறது? பிடிக்கு மேலுள்ள கைக்காப்பை ஒட்டிய பித்தளை வட்டுகளில் எல்லாம் ஒரே எண் பொறித்திருந்தால், செய்தவன் கெட்டிக்காரன். வேறு வேறு எண் இருந்தால், செய்தவன் முட்டாள். ஒருமுறை பல் மருத்துவர் ஒருவர் கடற்படைக் குத்துவாள் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளியே எடுக்கும் முன்பே மெர்வ் தலையை ஆட்டிவிட்டார். பையே சரியில்லையாம். என் வாளை மூன்று வருடம் மூன்று காரணங்களுக்காகத் தள்ளினார். நாலாவது வருடம் நான் அதைக் கொண்டுபோகவில்லை. அதுவே ஆதாரம் என்றார்.

இப்படிப்பட்டவர் வாளைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஐலீன் பாஸ்கோ வந்த சனிக்கிழமை வரை.

ஐலீனின் வாள் அவள் மாமனார் கொண்டுவந்தது. அவள் கணவன் டட்லி அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தான். கல் மாதிரித் தோலுள்ள எங்கள் பக்கத்துச் சாம்பல் நிறப் பூசணியைச் சமைத்தவர்களுக்குத்தான் இதன் நியாயம் புரியும். அதைக் கத்தி வெட்டாது, கத்திதான் வளையும். மற்ற வீடுகளில் கோடாலியைத் தூக்குவார்கள், பூசணி உருண்டு ஓடும், கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். ஐலீன் மட்டும் இரண்டு கையாலும் அந்த வாளைப் பிடித்து ஒரே இறக்காக இறக்குவாள். வேளாண் கண்காட்சியில் பூசணி மசித்து அவள் சுடும் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி ஒன்பது தடவை முதல் பரிசு வாங்கியது வாளால்தான் என்பது போட்டியாளர்களின் குற்றச்சாட்டு.

டட்லி இறந்தபின் அவன் அண்ணன் கோலின் முளைத்தார். முன்னாள் படைவீரர் மன்றத்தின் செயலாளர். குடும்ப வாள் மன்றத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும், கீழே பித்தளைத் தகட்டில் வழங்கியவர் பெயர் இருக்க வேண்டும், அந்தப் பெயர் கோலின் பாஸ்கோவாக இருக்க வேண்டும். மூன்று வருடச் சண்டை. கடைசியில் ஐலீன் மன்றத்து மதிய விருந்தில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, மெர்வ் பார்க்கட்டும் என்றாள். உண்மையென்றால் பெட்டிக்கு, போலியென்றால் பூசணிக்கு. கோலினால் மறுக்க முடியவில்லை. மெர்வ் என்ன சொல்வார் என்று மாவட்டத்துக்கே தெரியும். அதற்குத்தானே அவரைச் சொன்னாள்.

ஆக, சந்தையன்று கோலின் தொங்கிய முகத்தோடு வந்தார். ஐலீன் ஒரு டப்பா ஸ்கோனோடு வந்தாள். வாளைப் பாத்திரம் துடைக்கும் துண்டில் சுற்றியிருந்தாள். அதைக் கம்பளி மேல் வைத்துவிட்டு, வாழ்க்கையிலேயே பெரிய தவறைச் செய்தாள்.

“மெர்வு, சட்டுனு போலின்னு சொல்லிடு. அடுப்புல சூப்ப வச்சிட்டு வந்திருக்கேன்.”

நான் எண்ணிக்கொண்டிருந்த பொத்தான்களை அப்படியே விட்டேன். தீர்ப்பை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்ததில்லை. மெர்வ் அவள் முகத்தைப் பார்த்தார். தொங்கிய கோலின் முகத்தையும் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்து நான்காக மடித்தார். நாற்பது நிமிடம். முகர்ந்ததே ஏழெட்டுத் தடவை இருக்கும். தாள் வாயிலிருந்து வெளியே வந்தபோது அதில் எழுத்து மட்டும் இருந்திருந்தால் கரைந்துபோயிருக்கும்.

“இது பேசுது.”

வாசலில் சாஸேஜ் திருப்பிக்கொண்டிருந்தவரின் இடுக்கி அப்படியே நின்றது. மெர்வ் ஒரு வாளை உண்மை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

“என்ன பேசுது?” என்றாள் ஐலீன்.

“நிஜம்னு பேசுது. கையால அடிச்ச இரும்பு. இந்த மூங்கில் ஆணியப் பாரு. சண்டைக் காலத்து ஆணி. எண்பது வருஷ வேர்வை ஊறியிருக்கு இதுல.”

கோலின் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். பெட்டியின் நீளம் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் வாளை மூன்று தடவை அளந்தார். ஐலீன் என் நாற்காலியில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த ஸ்கோனைத் தானே தின்றாள். பூசணியை இனிமேல் எதால் வெட்டுவது என்று என்னைக் கேட்டாள். கோடாலி என்று சொல்லத் தொடங்கி, அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டேன்.

தீர்ப்புச் சொன்னதிலிருந்து மெர்வின் முகத்தில் ஒரு ஒளி. அதை ஐலீன் இரண்டாவது ஸ்கோன் முடியும் வரை கவனித்துக்கொண்டே இருந்தாள். அவள் நாற்பத்தொரு வருடம் டட்லி பாஸ்கோவோடு குடித்தனம் செய்தவள். கூரை மாற்றலாம் என்றால் வேண்டாம் என்பான், வேண்டாம் என்றால் மறுநாளே ஏணி வைப்பான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ சொன்னது சரிதான் மெர்வு. கோலின் மூணு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருந்தாரு. நான்தான் கேக்கல. நீ இன்னிக்குக் கண்டுபிடிச்சத அவரு அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாரு.”

மெர்வின் முகத்து ஒளி கொஞ்சம் தணிந்தது. புத்தியுள்ளவர் எவரும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பார். கோலின் செயலாளர்.

“பாத்த மாத்திரத்துல தெரிஞ்சுது. முக்கியமா அந்த ஆணி. இதுக்கு நாப்பது நிமிஷமெல்லாம் தேவையே இல்ல.”

மெர்வ் இன்னொரு தாளை மடித்து வாயில் வைத்தார். ஐலீன் எங்கோ பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, பழைய ஆணி உடைந்துபோனதால் டட்லி வேறொன்று சீவிப் போட்டதாகவும், சீன உணவகத்தில் வாங்கிய நூடுல்ஸோடு வந்த குச்சியிலிருந்து சீவியதாகவும், மற்றக் குச்சி இன்னும் அலமாரியில் இருப்பதாகவும் சொன்னாள். பாவம், கோலினுக்கு அது எப்படித் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இங்கேதான் இந்த இனத்தின் மேன்மையை நீங்கள் பார்க்க வேண்டும். நீங்களோ நானோ அந்த இடத்தில் சிவந்திருப்போம். மெர்வ் நிதானமாகத் தாளை எடுத்தார்.

“எனக்குத் தெரியும். கோலினுக்குத் தெரியுதான்னு பாத்தேன்.”

“ஆணி கெடக்குதுய்யா, இரும்பு?” என்றார் கோலின்.

“நூடுல்ஸ் குச்சியில வேர்வையக் கண்ட ஆளு, இரும்பப் பத்தி என்கிட்ட பேசுறியா?”

வேர்வையைக் கண்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காரணம் கிடைத்திருக்கும். போலி என்று எழுதித் தரும்படி ஐலீன் கேட்டாள். கையிலிருந்த தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அது இப்போது அவள் அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் சாஸோடு. மன்றத்துப் பெட்டியில் கோலினின் அளவு நாடா இருக்கிறது. ஐலீனின் சூப்பு தீய்ந்துவிட்டது; ஆனால் அடுத்த சூப்புக்குப் பூசணி இரண்டாகவே விழுந்தது.

சரி, அந்த வாள் உண்மையா, போலியா? பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான். அடியிரும்பில் வெட்டியிருந்த கொல்லன் பெயரையும் பார்த்தேன். ஆனால் உங்களிடம் சொல்லமாட்டேன். உண்மை என்று சொன்னால், ஆணி மாறிய வாள் எப்படி உண்மையாகும் என்பீர்கள். போலி என்று சொன்னால், ஆணி மாறினால் வாளும் மாறிவிடுமா என்பீர்கள். வாளை நீங்கள் பார்த்ததில்லை, பூசணியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நூடுல்ஸ் குச்சி வந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள், இல்லையா? அதற்கு முன்பே, டபோ காண்டாமிருகத்திடமே, “இவன் சொல்வதில் ஏதோ சரியில்லை” என்று லேசாகத் தலையை ஆட்டவில்லையா?

வெட்கப்பட ஒன்றுமில்லை. மெர்வுக்கு மறுபக்கத்து மேசை அடுத்த வருடம் காலியாகிறது, கையுறையோடு வாருங்கள். தாளை மட்டும் நீங்களே கொண்டுவருவது நல்லது. வாசலில் இப்போது கொடுக்கிறார்களே, அது உண்மையான காகிதம்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.