குப்பைத்தொட்டிக்குக் கோரம்

மாதுங்கா சாந்தி நிவாஸ் கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்தின் செயற்குழு கூடி, மழைக்கு முன் மொட்டைமாடி ஒழுகலை அடைப்பதா, உறுப்பினர்களின் அந்தரங்கத் தரவுகளைப் பாதுகாப்பதா என்று தீர ஆலோசித்தது. ஒழுகலை அடைக்கக் காசு வேண்டும். கிளவுடில் கொஞ்சம் இடம் சும்மாவே தருகிறார்கள். ஆகவே தரவே முக்கியம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

செயலாளர் வேங்கடசுப்ரமணியன் தணிக்கை ஆபீசில் ஓய்வு பெற்றவர். ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, எல்லார் போனையும் அதில் இணைத்துவிட்டுச் சுற்றறிக்கை ஒட்டினார்: "கிளவுடில் ஏறியவற்றைப் போனிலும் வைத்திருப்பது இரட்டைப் பதிவாகக் கருதப்படும். உறுப்பினர்கள் போனைத் துடைத்து, சுத்தப் போன் சான்றிதழ் பெற்றுக்கொள்ளவும்."

சான்றிதழ் என்றால் எங்கள் கட்டடத்தில் எதையும் செய்வோம். அன்று சாயங்காலமே துடைத்தோம்.

மூன்றாம் மாடி அபயாம்பாள் மாமியும் துடைத்தாள். மாமியின் போனில் இருந்த சொத்து ஒன்றே ஒன்று: போன வருஷம் காலமான கிருஷ்ணா மாமா லோக்கல் ரயிலில் வரும்போது அனுப்பிய குரல். "அபயம், குர்லா தாண்டியாச்சு. டிகாக்ஷன் போடு." மறுநாள் அதைக் கேட்கப் போனால், போனிலும் இல்லை, கிளவுடிலும் இல்லை.

எதிர் பிளாட்டில் வாடகைக்கு இருக்கும் சாப்ட்வேர்காரி சாதனா பார்த்தாள். "அரே மாமி, ரெண்டும் சேர்த்துக் கட்டினது. இங்கே அழிச்சா அங்கேயும் போயிடும். பேக்கப்னா தனியா இன்னொரு காப்பி இருக்கணும். டென்ஷன் வேண்டாம், கிளவுடோட குப்பைத்தொட்டில முப்பது நாள் இருக்கும். ஒரு அமுக்கு, வந்துடும்."

தொட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டு செயலாளரிடம்தான். இருவரும் அவரிடம் ஓடினார்கள்.

"அமுக்கலாம். யார் அமுக்கறது?" என்றார் அவர். "அழிக்கறதுக்குத் தீர்மானம் போட்டோம். மீட்கறதுக்கு வேண்டாமா?"

"ஒரு பட்டன்தானே அங்கிள்!"

"நீ வாடகைக்கு இருக்கறவ. சங்க விஷயத்துல வாயே திறக்கப்படாது."

"அண்ணா, அவர் குரல்னு எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம்," என்றாள் மாமி.

"எனக்குத் தெரியாதா? கிருஷ்ணாவும் நானும் ஒரே ரயில் டப்பாவில ஆபீஸ் போனவா. அதனாலதான் சட்டப்படி செய்யணும்கறேன்."

பொதுக்குழுவுக்கு இரண்டு வார நோட்டீஸ். அன்று கிரிக்கெட் மேட்ச், கோரத்துக்கு வேண்டிய தலை சேரவில்லை. மறுபடி இரண்டு வார நோட்டீஸ், அடுத்து வந்த ஞாயிறு கூட்டம். சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தோம். மீட்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கைதட்டினோம். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அமுக்கினார். தொட்டி காலி. கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது.

மழை தொடங்கி, மொட்டைமாடித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மாமியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கவனிக்கணும். நம்ம தரவை இனி எந்தத் திருடனாலயும் எடுக்க முடியாது."

அதையும் தீர்மானமாக்கினோம். மாமியைத் தவிர எல்லாரும் கை தூக்கினோம். இந்தச் சாதனைக்கு ஒரு குரூப் போட்டோ எடுக்கலாம் என்றால், ஒருவர் போனிலும் இடமில்லை. ஒரு மாத குட்மார்னிங் படங்கள் அடைத்துக்கொண்டிருந்தன.

"மாமி, உங்க போன் காலிதானே?" என்று நான்தான் கேட்டேன்.

மாமி எழுந்து, எங்களை வரிசையாக நிற்கச் சொல்லி எடுத்தாள். படம் நன்றாகவே வந்திருக்கிறது. கட்டடம் முழுக்கச் சிரிக்கிறது. அதில் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.