சரஸ்வதி பூசையன்று வந்த டச்சுக் காசு

பழைய நாணயப் பைத்தியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாணயம் வாங்குவது. மற்றது, நாணயங்களைப் பற்றிய புத்தகம் வாங்குவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. சோழர் காசு, நாகப்பட்டினத்து டச்சுக் காசு, எங்கள் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் புழங்கவிட்ட காசு, எல்லாவற்றுக்கும் என்னிடம் தடித்தடியாகப் புத்தகம் இருந்தது. (காசு ஒன்றுகூடக் கிடையாது. வாங்க என்ன மிச்சம் இருந்தது?)

தலத்தெரு வீட்டின் ஒரே ஸ்டீல் பீரோவை இவை பிடித்துக்கொண்டதில், என் மனைவி செண்பகத்தின் பட்டுப்புடவைகள் பரணுக்குப் போயின. பல வருஷம் பொறுத்தவள் ஒருநாள் கெடு வைத்தாள். தீபாவளிக்குள் இந்தப் புத்தகங்களால் யாருக்காவது ஒரு உபகாரம் நடக்க வேண்டும். இல்லையென்றால் பீரோ புடவைக்கு. சண்டை போடத் தெம்பில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

உபகாரம் தேடி ஆள் வந்தது சரஸ்வதி பூசையன்று. புத்தகம் மொத்தமும் பூசையில் இருந்தது. அட்டைக்கு அட்டை சந்தனம், குங்குமம். மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது.

வந்தவர் ஹாஜா பாய். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர். மகளுக்கு நாகூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டில் விருந்து. சம்பந்திக்குப் பழைய காசு என்றால் உயிராம். வாப்பாவின் பெட்டியில் கிடந்த ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"கொடுக்கற மாதிரி இருக்கா, பாத்துச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா சரிதான்."

வட்டமான பித்தளை. எழுத்தெல்லாம் தேய்ந்து, மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை.

செண்பகம் காபியோடு வந்தாள். "ஏங்க, நாளைக்குப் புத்தகத்தப் பாத்துச் சொல்றேன்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

நல்ல யோசனை. ஆனால் அவள் எதிரிலேயே, நண்பர் ஒருவர் என் அறிவைத் தேடி வந்திருக்கிறார். பீரோவைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் வருமா? வில்லையை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணைச் சுருக்கினேன். (எதுவும் தெரியவில்லை. சுருக்கியது தோரணைக்கு.)

"டச்சுக் காசு பாய். நாகப்பட்டினத்துல அடிச்சது. அந்தக் காலத்துப் பொம்பளைங்க சங்கிலியில கோத்துப் போட்டுக்குவாங்க. அதுக்குத்தான் இந்த ஓட்டை."

இந்த ஓட்டையைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பேன். பாய் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் பீரோவைப் பார்த்தேன். செண்பகம் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, சந்தனத்தைத் துடைத்துவிட்டு டச்சுப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை. பிரெஞ்சிலும் இல்லை. கடைசியாக ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில், நாணயம் என்று ஏமாறக்கூடிய பொருட்களின் படங்களுக்கு நடுவே இருந்தது. அதே வட்டம், அதே ஓட்டை. நாய்க்கு லைசென்ஸ் கட்டியதற்கு முனிசிபாலிட்டி கொடுத்த வில்லை. ஓட்டை, கழுத்துப்பட்டையில் கோர்க்க. இது இல்லாத நாயை முனிசிபாலிட்டி வண்டி பிடித்துக்கொண்டு போய்விடும்.

உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் நின்றுவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன். போனை எடுக்குமுன் பாயே அழைத்தார்.

"சார், சம்பந்தி பாத்த ஒடனே கண்டுபிடிச்சுட்டாங்க. சபையில வச்சு, 'எனக்கு லைசென்ஸ் எடுத்தாச்சு, இனிமே என்னய யாரும் புடிச்சிட்டுப் போக முடியாது'ன்னாங்க. சிரிச்சு மாளல. நான்தான் தலை நிமிரல."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சம்பந்தி என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணியில் பெரிய எலும்பாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். பட்டுப்புடவைகள் பீரோவுக்கு இறங்கின. புத்தகங்கள் பரணில் இருக்கின்றன.

அதோடு விட்டார்களா? எங்கள் வாசலில் படுத்திருக்கும் தெருநாய்க்குச் செண்பகம் டச்சு என்று பெயர் வைத்தாள். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. மீந்த சோற்றை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று "டச்சு" என்று குரல் கொடுத்தால் அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். உள்ளே நானும் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.