பத்து முறை மீளும் கறுப்புத் தூள்

பூமி இன்னும் பச்சையாக இருக்கிறதென்றால், அதற்கு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் மருந்து மூலப்பொருள் ஆலையே காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆலையின் 'பசுமைப் பிரிவு'த் தலைவன் ஜம்புநாதன் என்ற முறையில், இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் புரட்சி ஒரு கறுப்புத் தூள். இரும்புத் துகள்மேல் பல்லேடியம் ஒட்டிய வினையூக்கி. வேதிவினை முடிந்ததும் கலத்தின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், தூளெல்லாம் சமர்த்தாக ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கழுவி மறுபடி போடலாம். கழிவே கிடையாது. 'பத்து முறை மறுபயன்பாடு' என்று வாசலில் பலகையும் வைத்தோம்.

ஒப்பந்த வேதியியலாளர் ஹெலினாவுக்கு மட்டும் தேச நலனில் அக்கறை இல்லை.

"அரே ஜம்பு சார், நாலாவது தடவையே தூள் செத்துப்போவுது. பத்து எப்படி வரும்?"

"பலகைக்குப் பெயிண்ட் அடிச்சாச்சும்மா. இனிமே விஞ்ஞானம்தான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

விஞ்ஞானம் அனுசரித்தது. மூன்று முறைக்குப் பிறகு புதுத் தூளைப் போட்டு, அதை 'நான்காம் மறுபயன்பாடு' என்று பதிந்தோம். பழைய தூள் ஆலைக்குப் பின்னாலிருந்த ஓடைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது.

ஓடை கறுத்தது. ஊர்க்காரர்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஆலைக்குப் பசுமை விருது கிடைக்கப் பத்தே நாள் இருக்கையில் இப்படியா வந்து நிற்பது! உடனே விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் நான், உறுப்பினர் இயக்குநர் வெங்கடேஸ்வரன். முடிவை அவர் முன்கூட்டியே டைப் அடித்துவிட்டதால் நேரம் மிச்சம்: 'கொட்டியவர் ஹெலினா. பணிநீக்கம்.'

ஹெலினா கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார்.

"வேலை போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வசதி இல்ல சார். வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். கொட்டினவங்க கால்ல ஓடைச் சேத்தோட தூள் ஒட்டியிருக்கும். எல்லாருதையும் பார்த்துடலாமே?"

தன் செருப்பில் வைத்துக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. இயக்குநரின் ஷூவிலும் வரவில்லை.

"ஜம்பு, காலை நீட்டுய்யா," என்றார் இயக்குநர், சிரித்துக்கொண்டே.

நீட்டினேன். காய்ந்த தூள், மீசை முளைத்த மாதிரி காந்தத்தில் சிலிர்த்து நின்றது.

ஆனாலும் தலைவர் தலைவர்தானே. "காந்த மீட்பு நூறு சதவீதம் வேலை செய்கிறது என்பது இதனால் நிரூபணமாகிறது," என்று தீர்ப்பளித்தேன். குழு, அதாவது இயக்குநர், கைதட்டியது. டைப் அடித்த முடிவில் காரணத்தை மட்டும் மாற்றினோம்: 'அனுமதியின்றி ஆலைக்குள் காந்தம் கொண்டுவந்தது.'

"காந்தத்தை நீங்களே வெச்சுக்குங்க சார், உங்களுக்குத்தான் தேவைப்படும்," என்று மேசைமேல் வைத்துவிட்டு ஹெலினா போய்விட்டார்.

விருது மேடைக்கு நான் வெறுங்காலோடு போனேன். 'எவ்வளவு எளிமை!' என்று அரங்கமே எழுந்து நின்றது. காந்தத்துக்குச் சாட்சி சொன்ன ஷூக்கள் அந்த ஓடையில்தான் கிடக்கின்றன. காந்தம் வைத்திருப்பவர் எவரும் மீட்டுக்கொள்ளலாம். யாருடையவை என்பதை விசாரணைக் குழு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அளவு ஒன்பது. என் அளவும் அதுதான்.