இருபத்தைந்து நாள் கடற்காற்று

அடுத்த முறை நல்லூரில் கொடியேறும்போது வீட்டில் இருப்பதில்லை என்று உதயன் சபதம் எடுத்தான். சபதத்துக்குக் காரணம் ஒரு மட்டன் ரோல்ஸ்.

நல்லூர்க் கந்தனுக்கு யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து நாள் திருவிழா. அந்த இருபத்தைந்து நாளும் பாரிஸில், லா சப்பலில், தமிழ்க் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில் உதயன் வீட்டில் மச்சம் கிடையாது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை என்ற சொல்லே இல்லை. அவன் மனைவி சிவாஜினி சட்டி பானை எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கந்தசுவாமியாரில் உதயனுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் நாள்தோறும் தட்டில் விழுகிற பூசணிக்காயில்தான்.

போன வருசம் பதினோராம் திருவிழாவன்று ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்து, கடைசி மேசையில், சுவரைப் பார்த்தபடி இருந்து அந்த ரோல்ஸைக் கடித்தான். பாதி உள்ளே போகுமுன் கைத்தொலைபேசி அடித்தது.

"மிச்சத்தை வைச்சிட்டு வாங்கோ," என்றாள் சிவாஜினி.

யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன்? ரூ காய் தெருவில் மரக்கறி விற்பவர் அவளுக்கு அண்ணை. புடவைக்கடைக்காரி அக்கா. கொத்துரொட்டி போடுகிற பொடியன்கூடத் தம்பி. லா சப்பலில் உதயன் தும்மினால் வீட்டில் கொத்தமல்லி அவிந்துகொண்டிருக்கும்.

ஆகவே, ஊரை விட்டே போவது என்று முடிவு செய்தான். கொரோனா வந்து போனதில் உலகத்துக்கு என்ன நன்மையோ தெரியாது. உதயனின் காப்புறுதிக் கொம்பனியில் ஒரு நன்மை விளைந்தது. ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிரான்ஸுக்குள் எங்கே இருந்தும் வேலை செய்யலாம். பிரெஞ்சில் அதற்குப் பெயர் தெலெத்ராவாய். உதயன் வீட்டில் இருந்தே படிவத்தை நிரப்பினான். இடம்: மார்செய். காரணம்: சொந்த விருப்பம். ஆகஸ்ட் இரண்டு தொடக்கம் இருபத்தாறு வரை. பிறிண்டர் கடதாசியைக் கவ்விக்கொண்டு முக்கியது. கோபத்தில் இரண்டு தரம் அமத்தினான். ஒன்று வந்தது. உருவிக்கொண்டு ஓடினான்.

மேலதிகாரி கையெழுத்து வைத்த அன்றே கதையைத் தொடங்கினான்.

"இஞ்சாரும், ஆகஸ்டிலை கந்தோருக்குப் பெயின்ற் அடிக்கினமாம். எல்லாரையும் வெளியிலை இருந்து வேலை செய்யட்டாம். என்னை மார்செய்க்குப் போகச் சொல்லுறாங்கள்."

"பெயின்ற் அடிச்சால் வீட்டிலை இருந்து செய்யலாம்தானே?"

"உமக்கு விளங்காது. இரண்டாயிரத்து அறுநூறு வருசத்துப் பழைய பட்டினமப்பா அது. கடற்காற்றுப் பட்டால் மூளை நல்லா வேலை செய்யுமாம்."

"ஆற்றை மூளை?"

"பொதுவாச் சொல்லுறன்."

"எப்ப போறியள்?"

"ரெண்டாம் திகதி காலமை."

"எப்ப வாறியள்?"

"இருபத்தாறு பின்னேரம்."

குசினிச் சுவரில் மளிகைக்கடைக் கலண்டர் தொங்கியது. சிவாஜினி கலண்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நல்ல திகதி," என்றாள். "விரதம் என்ன மாதிரி?"

"விரதத்தை விடுவனே? எங்கை இருந்தாலும் முருகன் முருகன்தானே." சொல்லும்போது நெஞ்சில் கைகூட வைத்தான்.

"தங்கிறது?"

"ஏதும் ஹோட்டல்…"

"ஆகஸ்டிலை அங்கை ஹோட்டலோ? என்னோடை கொன்வென்ரிலை படிச்ச மரியநாயகி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்திலைதான் இருக்கிறாள். ஒரு அறை சும்மா கிடக்காம்."

"மரியநாயகி… வேதக்காரர் எல்லோ?"

"ஓம். மனிசன் வெள்ளைக்காரன். ழாக் எண்டு பேர். துறைமுகத்திலை மீன் விக்கிறவன்."

உதயனுக்கு உச்சி குளிர்ந்தது. விரதம் இல்லாத வீடு. மீன்காரன் வீடு. கட்டிய மனைவி தன் வாயாலேயே சொல்லுகிறாள்! முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "உமக்காண்டி அங்கையே தங்கிறன்," என்றான்.

புறப்படுகிற நாள், குளிர்பெட்டிக் கதவில் ஒரு அறிவித்தல் எழுதி ஒட்டினான். 'எனக்கு அங்கே வேலை அதிகம். குடும்பக் கதை சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். கலியாணவீடோ செத்தவீடோ, எதுவென்றாலும் நான் வந்த பிறகு.' உறவினரின் வட்ஸ்அப் குழுவையும் சத்தம் வராமல் அமத்தி வைத்தான். மீன் தின்னும்போது தேர்ப் படம் வந்தால் தொண்டையில் முள் நிற்கும் அல்லவா?

சிவாஜினி அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தாள். "சரி, உங்கடை விருப்பம்," என்றாள்.

மார்செய் அழகான இடம்தான். அறை ஜன்னலைத் திறந்தால் நீலக் கடல், பழைய கோட்டை, படகுகள். உதயன் கண்டது படகுகளில் இருந்து பெட்டி பெட்டியாக இறங்கிய மீனை. அவனுக்குக் கண் கலங்கியது.

"அண்ணை, சிவாஜினி எல்லாம் சொன்னவள்," என்றாள் மரியநாயகி.

"என்ன தங்கச்சி சொன்னவ?"

"நீங்கள் சரியான ஆசாரமாம். இந்த நாளிலை மீன் வாசம் பட்டாலே பட்டினி கிடப்பியளாம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உங்களுக்கெண்டு புதுச் சட்டி வாங்கி வைச்சிருக்கிறன்."

புதுச் சட்டியில் பருப்பும் பூசணிக்காயும் இருந்தன. உதயன் சட்டியைப் பார்த்தான். சட்டியும் அவனைப் பார்த்தது.

"அவ்வளவு கடுமை இல்லைத் தங்கச்சி, சிவாஜினி கொஞ்சம் கூட்டிச் சொல்லுவா…"

"நீங்கள் இப்பிடித்தான் அடக்கமாச் சொல்லுவியள் எண்டும் சொன்னவள்."

உதயன் ஒரு பிடி அள்ளினான். வாயில் வைத்தான். மரியாதைக்கு, "தேவாமிர்தம்," என்றான். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறுநாளும் அதே பருப்பு, அதே பூசணிக்காய். மூன்றாம் நாள் இரண்டு அகப்பை கூட.

ழாக் இன்னும் மோசம். மிக நல்ல மனிதன். நல்லவர்களிடம் இருந்து தப்புவது கஷ்டம். மீன் மணக்கும் சப்பாத்தைக் கீழ்மாடியிலேயே கழற்றிவிட்டு வருவான். எலுமிச்சம்பழத்தால் கை கழுவிய பிறகுதான் உதயனுக்குக் கை கொடுப்பான். மாலையில் அவனும் மரியநாயகியும் பல்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டு, நெருப்பில் சுட்ட மத்தி மீனை அங்கே வைத்துச் சாப்பிட்டார்கள். உதயன் இந்தப் பக்கம் கண்ணாடிக்கு முன்னால் பருப்பைப் பிசைந்தபடி, மத்தி ஒன்றொன்றாக முள்ளாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ழாக் அவ்வப்போது அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்தான்.

வேலை நாளில் இன்னொரு வேதனை. காலையில் கமராவைத் திறந்தால் பாரிஸ்காரர் எல்லோரும் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிந்த கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

"உதயன், நேற்று என்ன மீன் சாப்பிட்டாய்?" மேலதிகாரி நாள்தோறும் கேட்டாள்.

"பெயர் தெரியவில்லை, மதாம்," என்றான் உதயன். அதுவாவது உண்மை.

ஆறாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியவில்லை. கணினியை மூடிவிட்டுத் துறைமுகத்துக்கு இறங்கினான். ஒரு மூலையில் பருத்த ஒரு கிழவி மீன் பொரித்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதலேன் என்று பலகையில் எழுதியிருந்தது. இவளுக்கு அண்ணையும் இல்லை, அக்காவும் இல்லை என்று உதயன் மனத்தைத் தேற்றிக்கொண்டு விரலால் காட்டினான்.

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ழாக் வீட்டில் இருக்கும் இந்துத் துறவி நீங்கள்தானே?"

"நான் துறவி இல்லை. காப்புறுதிக் கொம்பனி."

"ழாக் எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். ஒருவேளை நீங்கள் பலவீனப்பட்டு வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாதாம். பாரிஸில் இருந்து உங்கள் மனைவி கேட்டுக்கொண்டாராம்." கிழவி அவன் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள். "தைரியமாக இருங்கள், மிசியே. இன்னும் பத்தொன்பது நாள்தான்."

ஒரு பீச் பழம் கொடுத்து அனுப்பினாள். துறைமுகத்தில் நின்ற ஏழெட்டு மீன்காரர் தொப்பியைத் தொட்டு அவனுக்கு மரியாதை செய்தார்கள். எழுநூற்றைம்பது கிலோமீற்றர் ரயிலில் வந்து, அவன் திரும்பவும் லா சப்பலில்தான் இறங்கியிருக்கிறான்.

பதினைந்தாம் நாள் பஸ் பிடித்து நகரத்தின் மறுகரைக்கே போனான். அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. சுட்ட மீன் ஒன்று, முழுசாக, தட்டை நிறைத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மேலதிகாரி அழைத்தாள். அவசரக் கூட்டம், முகம் காட்ட வேண்டும். உதயன் தட்டை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, வெள்ளத்தில் சேதமான ஒரு கட்டடத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசினான்.

"உதயன், பின்னால் போகிறதே ஒரு கடற்புறா," என்றாள் மேலதிகாரி, "அதன் வாயில் இருப்பது உன் சாப்பாடா?"

அதன்பிறகு அவன் முயலவில்லை.

ஒவ்வொரு மாலையும் சிவாஜினி வீடியோவில் அழைத்தாள். குடும்பக் கதை ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். அவள் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும். மூக்கு நுனியில் வியர்வை. கண் சிவந்திருக்கும்.

"என்ன, அழுகிறீரே?" உதயன் ஒருநாள் உருகிப்போய்க் கேட்டான்.

"இல்லை, பாரிஸிலை சரியான வெய்யில்."

பின்னால் மகள் தாட்சாயினி எதையோ நறுக்கென்று கடித்து உடைத்தாள்.

"என்ன சத்தம் அது?"

"அப்பளம்," என்றாள் சிவாஜினி. "நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ. மரியநாயகி உங்களை அப்பிடிப் புகழுறாள்."

பாவம், தன்னைப் பிரிந்து ஏங்குகிறாள் என்று உதயன் நினைத்தான். பொய் சொல்லி வந்ததை நினைக்க அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வது என்றும் தீர்மானித்தான். மீன் கிடைக்காத மனிதனுக்கு இப்படியெல்லாம் நல்ல எண்ணம் வரும்.

இருபத்தாறாம் திகதி பின்னேரம், நான்கு கிலோ மெலிந்து, கையில் மரியநாயகி அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த அந்தப் புதுச் சட்டியுடன், உதயன் மாடிப்படி ஏறினான். இரண்டாம் மாடியில் நின்றுவிட்டான். நண்டுக்கறி வாசம். முருங்கையிலை போட்ட யாழ்ப்பாணத்து நண்டுக்கறி. தன் வீட்டில் இருந்துதான்!

"இஞ்சாரும்! தீர்த்தம் முடிஞ்ச கையோடை எனக்காண்டிச் சமைச்சிட்டீரே!" கதவைத் திறந்தபடியே கத்தினான்.

சிவாஜினி நிதானமாகத் திரும்பினாள். "உங்களுக்காண்டியோ? இது கிழமைக்கு ரெண்டு தரம் காய்ச்சுறதுதானே. எங்களுக்கு இந்த முறை விரதமே இல்லையப்பா."

"என்ன?"

"நீங்கள் போன மற்ற நாள், நோர்வேயிலை உங்கடை அப்பாவின்ரை ஒண்டுவிட்ட சித்தப்பா காலமாயிட்டார். தொண்ணூற்றாறு வயசு. உங்கடை ஆக்களுக்கெல்லாம் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கோடை கோயிலுக்கும் போகேலாது, விரதமும் பிடிக்கேலாது எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். பிறகென்ன, பிள்ளையும் நண்டு கேட்டாள்."

உதயன் சட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"அப்ப அப்பளம்?"

"நண்டுக்கால்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

சிவாஜினி குளிர்பெட்டிக் கதவைக் கண்ணால் காட்டினாள். அவன் கையெழுத்தில் அறிவித்தல் அப்படியே ஒட்டியபடி இருந்தது. 'கலியாணவீடோ செத்தவீடோ.'

"அப்ப நான் இருந்த விரதம்?"

"அதையும் ஐயரிட்டைக் கேட்டனான். துடக்கோடை இருந்த விரதம் செல்லாதாம்."

இருபத்தைந்து நாள். புண்ணியமும் இல்லை, மீனும் இல்லை. உதயன் கதிரையில் இருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் தாட்சாயினி கடைசி நண்டுக்காலை உறிஞ்சிவிட்டு, "சவா, பப்பா?" என்று சுகம் விசாரித்தாள்.

"சரி, போனது போகட்டும்," என்றான் உதயன், பலவீனமான குரலில். "எனக்கும் கொஞ்சம் போடும்."

"உங்களுக்கு வேறையா வைச்சிருக்கிறன். தேவாமிர்தம் எண்டு நாளாந்தம் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டியளாமே." மூடியைத் திறந்தாள். பருப்பு. பக்கத்தில் பூசணிக்காய்.

உதயன் மூடியை வாங்கித் திரும்பவும் மூடினான். "நான் சொன்னது பொய் எண்டு நீர் எப்ப அறிஞ்சனீர்?" என்று கேட்டான்.

சிவாஜினி கலண்டருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கடதாசியை எடுத்தாள். கசங்கிய படிவம். மார்செய், சொந்த விருப்பம், ஆகஸ்ட் இரண்டு தொடக்கம் இருபத்தாறு வரை. பிறிண்டர் பிந்தித் துப்பிய மற்றக் கொப்பி. மேலே கலண்டரில் அதே நாள்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

பிறகு அதன் பின்னால் இருந்து இன்னொரு கடதாசியை எடுத்தாள். இது கசங்காத புதுப் படிவம். இடம்: மார்செய். அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே பேனையையும் வைத்தாள்.

"அடுத்த வருசத்துக்கு. மரியநாயகி இப்பவே அறை தாறன் எண்டுட்டாள். கையெழுத்தை மட்டும் வையுங்கோ, திகதியெல்லாம் நான் நிரப்பிப்போட்டன்."