ஆயிரம் மத்தியானமும் ஒரு மெத்தையும்

மாடல்காரர் என்றோர் இனம் உண்டு. அழகுப் போட்டிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. தொந்தியைப் பார்த்தாலே தெரியும். மழை, காற்று, தூசி, ஆற்றில் கலக்கும் அழுக்கு என்று வருஷக்கணக்காக அளந்து வைத்த எண்களையெல்லாம் கணினியில் கொட்டி, இயற்கை அடுத்து எப்படிப் பகடை உருட்டும் என்று 'மாடல்' எனும் கணக்குப் போடுவது இவருடைய உத்தியோகம். மரியாதையான உத்தியோகம்தான். அதை வீட்டுக்கும் கொண்டுவருகிறாரே, அதுதான் வம்பு.

இவரிடம் 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் கிடையாது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட "பெரும்பாலும்" என்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மாமனார் வருகிறார். விருந்தாளிக்கென்று வீட்டில் இருப்பது ஒரே ஒரு பஞ்சு மெத்தை. அதை மனைவி காலையிலேயே மொட்டைமாடியில் காயப் போட்டிருந்தாள். சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, மழை வருமா? மெத்தையை எடுத்துடவா?"

"இரு, மாடலை ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

ஓட்டினார். நேற்று பெய்ததா, முந்தாநாள் பெய்ததா, பெய்த மறுநாள் பொதுவாக என்ன நடக்கிறது என்றெல்லாம் ஊட்டி, அந்த ஒரு மத்தியானத்தைக் கணினிக்குள் ஆயிரம் தடவை நடத்திப் பார்த்தார். நடுவில் சாரல் அடித்து விசைப்பலகை நனைந்தது. எழுந்துபோய் ஜன்னலை இறுக்கிச் சாத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது?

"ஆயிரத்துல தொள்ளாயிரத்து எழுபது தடவை மழையே இல்ல. கிடக்கட்டும் மெத்தை!"

அவளும் நம்பினாள். மிக்ஸி போட்ட சத்தத்தில் வெளியே பெய்வது கேட்டால்தானே?

மெத்தையை இறக்க இரண்டு பேர் போதவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த மாமனாரும் குடையை வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். படியெல்லாம் தண்ணீர். மனைவி முறைத்தாள். இவருக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா? மிச்சம் முப்பது தடவை இருந்துச்சுல்ல, அதுல ஒண்ணுதான் இது! மாடல் சரியாத்தான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. அந்த முப்பதுலயே ஒண்ணை விரிச்சுப் படுத்துக்குங்க."

மாமனாருக்கு மருமகனின் கட்டில் கிடைத்தது; மருமகனுக்கு வெறுந்தரை. மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாதாம், குனிந்தபடியே சொல்கிறார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். இன்று குடை எடுக்கலாமா என்று வானத்தைப் பார்த்தீர்களா, கைப்பேசியைப் பார்த்தீர்களா? சரி, பதில் வேண்டாம். இப்போது இதைப் படிக்கும்போதே சாரல் அடிக்கிறதென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்களே, உங்கள் மாடியில் என்ன காய்கிறது?